45 மில்லி தண்ணீரிலேயே அலறும்படி: மீன்தொட்டிக்குக் கசிவு அலாரம் வைத்த அனுபவம்

போன செவ்வாய்க்கிழமை இரவு 11:40க்கு ஹாலில் பஸர் அலறியது. ஓடிப்போய் மீன்தொட்டி ஸ்டாண்டின் கதவைத் திறந்தால், கேனிஸ்டர் ஃபில்டருக்கு (தொட்டிக்கு வெளியே, கீழே நிற்கும் மூடிய டப்பா வடிகட்டி) அடியில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் தட்டின் மூலையில் ஒரு டம்ளர்கூட வராத அளவுக்குத் தண்ணீர். ஹோஸ் மாட்டும் நட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கையாலேயே கால் சுற்று இறுக்கினேன், நின்றுவிட்டது. துடைத்துவிட்டு ரீசெட் பட்டனை அழுத்திப் படுக்கப் போனேன். தரையில் ஒரு சொட்டு இல்லை. ஏழு மாதமாக விட்டு விட்டுச் செய்துகொண்டிருந்த வேலை முதல்முறையாக நிஜமான கசிவைப் பிடித்திருக்கிறது, அதனால் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்தது போன நவம்பரில். தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஆறு ஏஞ்சல் மீன், பத்து கோரி மீன். ஒரு ஞாயிறு இரவு கேனிஸ்டரைக் கழுவி மூடும்போது மூடியின் ரப்பர் வளையத்தில் (ஓ-ரிங்) ஒரு மணல் துகள் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மூடியது சரியாக மூடியதுபோலத்தான் இருந்தது. பத்து நிமிடம் பார்த்தேன், ஒன்றும் சொட்டவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு அம்மா எழுந்து வந்து ஹாலில் கால் வைத்ததும், "டேய், தண்ணிடா, சீக்கிரம் வா" என்று கூப்பிட்ட சத்தத்தில்தான் எழுந்தேன்.

தொட்டியில் மட்டம் 9 செ.மீ. இறங்கியிருந்தது. கண்ணாடித் தடிமன் போக என் தொட்டியின் உள்ளளவு 118க்கு 43 செ.மீ., அதாவது ஒரு செ.மீ. இறங்கினால் சுமார் 5 லிட்டர். ஆக 45 லிட்டர். ஆனால் தரையில் இருந்தது அதைவிட அதிகம். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட, நீர்மட்டம் இறங்கினால் இயங்கும் ஃப்ளோட் சுவிட்சும் ஒரு சின்ன 12 வோல்ட் பம்பும் வைத்து, பக்கத்தில் இருக்கும் 20 லிட்டர் கேனிலிருந்து தானாக நிரப்பும்படி நானே செய்து வைத்திருந்தேன். மட்டம் இறங்க இறங்க அது தன் வேலையைச் சரியாகச் செய்து, கேன் முழுவதையும் தொட்டிக்குள் ஊற்றி, அதுவும் கீழே போயிருந்தது. மொத்தம் 65 லிட்டர். ஸ்டாண்டின் அடிப்பலகை பிளைவுட் உப்பிப் பிரிந்துவிட்டது. கீழ்வீட்டுச் சீலிங்கில் ஒரு முழ நீளத்துக்கு ஈரம் இறங்கிவிட்டது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அதே பலகைமேல்தான் கிடந்தது. தண்ணீர் அதன் ரப்பர் காலைத் தொட்டு நின்றிருந்தது. இன்னும் ஒரு விரற்கடை ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும், வெறுங்காலோடு வந்தது அம்மா. அன்றைக்கே பாக்ஸை ஸ்டாண்டின் பக்கவாட்டுப் பலகையில் 40 செ.மீ. உயரத்தில் திருகிவிட்டு, எல்லா வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் தொங்கி மேலே ஏறும்படி விட்டேன். வயர் வழியே இறங்கும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்கை அடையாது. இதற்குக் காசே ஆகாது. உங்கள் தொட்டியில் இது இல்லையென்றால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் செய்யுங்கள்.

கன்ட்ரோலர் ஏற்கனவே இருந்தது. வைஃபை உள்ள சின்னக் கணினி போர்டு ஒன்று (இஎஸ்பி32), வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 சென்சர், நாலு ரிலே (கன்ட்ரோலர் இயக்கும் சுவிட்ச்) உள்ள ஒரு போர்டு. லைட், ஃபில்டர், நிரப்பும் பம்ப் மூன்றும் அதில். நாலாவது ரிலே சும்மா இருந்தது. இதில் ஒரு சென்சரைச் சேர்ப்பது அரை நாள் வேலை என்று நினைத்தேன்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் மழை சென்சர் என்று விற்கும் போர்டு இரண்டு வாங்கினேன், ஒன்று 70 ரூபாய். சீப்புப் பல் மாதிரி கோடு போட்ட ஒரு தகடு, கூடவே எல்எம்393 சிப் உள்ள சின்ன போர்டு. ஈரம் பட்டால் சிக்னல் மாறும். மேசைமேல் வைத்து விரலை நனைத்துத் தொட்டேன், அழகாக வேலை செய்தது. ஸ்டாண்டுக்குள் வைத்து, கன்ட்ரோலரின் முழு புரோகிராமையும் ஏற்றியதும் அளவு மாறாமல் நின்றுவிட்டது. என்ன ஊற்றினாலும் ஒரே எண். இதில் மூன்று மாலைகள் போயின. வயரை மாற்றினேன், சென்சரை மாற்றினேன், சால்டரிங்கைத் திரும்பச் செய்தேன். கடைசியில் விஷயம் இதுதான்: நான் அனலாக் அளவை எடுத்துக்கொண்டிருந்தது போர்டின் 26ஆம் பின்னில் (வயர் இணைக்கும் கால்). இஎஸ்பி32இல் 25, 26, 27 போன்ற பின்கள் இரண்டாவது ஏடிசி-யை (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) சேர்ந்தவை, வைஃபை ஓடும்போது அதைப் பயன்படுத்த முடியாது. மேசையில் நான் சோதித்த சின்ன புரோகிராமில் வைஃபை இல்லை, அதனால் ஓடியது. 32 முதல் 39 வரையான பின்களுக்கு மாறியதும் சரியாகிவிட்டது.

சரி என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் மழையில், ஒரே வாரத்தில் இரண்டு நள்ளிரவு அலாரம். இரண்டு முறையும் பலகை காய்ந்திருந்தது. தகட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது, ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும் கோடுகளில் பாதி கருத்துப்போய், ஓரத்தில் பச்சைப் பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் கோடே உதிர்ந்து வந்தது. மற்ற பாதிக் கோடுகள் புதிதுபோலப் பளபளத்தன. அரிக்கப்பட்டவை எல்லாம் பாசிட்டிவ் பக்கம். நான் 24 மணி நேரமும் மின்சாரம் கொடுத்து வைத்திருந்தேன். மூடிய ஸ்டாண்டுக்குள் எப்போதும் இருக்கும் ஈரக்காற்றே போதும், மெல்ல மெல்ல மின்னாற்பகுப்பு நடந்து செம்பைத் தின்றுவிட்டது. அந்தப் பொடி ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பொய் அலாரம் கொடுத்திருக்கிறது. இரண்டு போர்டும் குப்பைக்குப் போயின.

அடுத்து நானே செய்தது. விளம்பரப் பலகைக் கடையில் கேட்டதும் 5 செ.மீ.க்கு 3 செ.மீ. அளவில் அக்ரிலிக் துண்டுகள் சும்மாவே கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஓட்டை, அதில் 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, 304 தரம். மேலே ரிங் லக் (வயர் முனைக்கான உலோக வளையம்) வைத்து வயரை நட்டுப் போட்டு இறுக்கி, நட்டின்மேல் சிலிக்கான் பூசினேன். ஸ்க்ரூ முனை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதில்தான் நிறைய நேரம் போனது. முதலில் 3 மி.மீ. விட்டேன், தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவி அடியிலேயே ஓடியது. அப்புறம் அடியில் ஒரு பருத்தித் துணித் துண்டு வைத்தேன், சட்டென்று உறிஞ்சி முனையைத் தொட்டது, ஆனால் ஒருமுறை நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயவில்லை, ஈரக்காற்றிலும் அது தானாகவே நமுத்துப்போனது. துணியை எடுத்துவிட்டு 1 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவான உயரத்தில் நிறுத்தினேன். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை அடியில் செருகி, அது உரசிக்கொண்டு வெளியே வரும் அளவுக்கு ஸ்க்ரூவைத் திருகினால் போதும், அளவுகோல் தேவையில்லை.

அரிப்புக்கு வழி, மின்சாரத்தை எப்போதும் கொடுக்காமல் இருப்பதும், கொடுக்கும்போது திசையை மாற்றி மாற்றிக் கொடுப்பதும். ஒரு ஸ்க்ரூ 32ஆம் பின்னுக்கு. இன்னொரு ஸ்க்ரூ 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 33ஆம் பின்னுக்கு, அந்த ஸ்க்ரூவிலிருந்தே 1 கிலோ ஓம் வழியாக 35ஆம் பின்னுக்கு அளவெடுக்கும் வயர். பத்து வினாடிக்கு ஒருமுறை 32இன் வோல்டேஜை உயர்த்தி, 33இன் வோல்டேஜைத் தாழ்த்தி ஓர் அளவு, உடனே தலைகீழாக மாற்றி இன்னோர் அளவு. பிறகு இரண்டையும் தாழ்த்திவிட வேண்டும். மொத்தமே சில மில்லி வினாடிகள். கூடுதல் சென்சர் வைத்தால் 32உம் 33உம் எல்லாவற்றுக்கும் பொது, ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டரும் தனி அளவெடுக்கும் பின்னும் போதும். நான் மூன்று வைத்திருக்கிறேன், 34, 35, 36. ஆறு மாதமாகிறது, ஸ்க்ரூக்களில் கறைகூட இல்லை.

இதில் பிறகு சேர்த்த ஒரு ரெசிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் ஒருநாள் சோதனைக்குத் தண்ணீர் ஊற்றினேன், ஒரு சென்சர் பேசவே இல்லை. ஸ்டாண்டுக் கதவின் கீல் வயரை நசுக்கி அறுத்திருந்தது. அறுந்த வயரும் காய்ந்த தரையும் கன்ட்ரோலருக்கு ஒரே மாதிரிதான், இரண்டுக்கும் பூஜ்யம். எத்தனை நாளாக அப்படிக் கிடந்ததோ தெரியாது. உடனே ஒவ்வொரு சென்சரிலும் இரண்டு ஸ்க்ரூவுக்கும் குறுக்கே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தேன். இப்போது காய்ந்திருக்கும்போது சுமார் 250 காட்டும். ஈரக்காற்று நாளில் 500, 600 வரை போகும். தொட்டித் தண்ணீர் பட்டால் 2,800க்கு மேல் (முழு அளவு 4,095). 1,200ஐ எல்லையாக வைத்திருக்கிறேன். பூஜ்யம் வந்தால் வயர் அறுந்திருக்கிறது என்று தனியாகச் செய்தி வரும். இந்த 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒரு ரூபாய் சமாச்சாரம், ஆனால் இது இல்லாமல் இனி எந்த அலாரத்தையும் நான் நம்பமாட்டேன்.

சென்சரை எங்கே வைப்பது? ஃபில்டருக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்திருந்தேன். புதுப் பலகை போட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை ஃபில்டரின் மூடிமேல் மெதுவாக ஊற்றிப் பார்த்தேன். அது ஃபில்டரின் பின்பக்கமாக வழிந்து, பலகையில் இறங்கி, பின் இடது மூலைக்கு ஒரே கோடாக ஓடி, அங்கே சுவரோரம் சொட்டியது. முன்னால் இருந்த சென்சர் காய்ந்தபடியே இருந்தது. இரண்டாவது டம்ளர் ஊற்றிய பிறகுதான் அதைத் தொட்டது. கிட்டத்தட்ட 400 மில்லி. கண்ணால் பார்த்தால் மட்டமாகத் தெரியும் தரை எதுவும் மட்டம் இல்லை.

இதற்காக 60க்கு 40 செ.மீ. அளவில், 5 செ.மீ. விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வாங்கி ஃபில்டரை அதற்குள் நிறுத்தினேன். விளிம்பு வரை நிரம்பினால் 12 லிட்டர், ஆனால் ஃபில்டரின் அடிப்பாகம் அடைத்துக்கொள்வது போக நிஜத்தில் 8 லிட்டர் பிடிக்கும். தட்டின் பின் வலது மூலைக்கு அடியில் 5 மி.மீ. மரச்சில்லு ஒன்றைக் கொடுத்தேன். எங்கே சொட்டினாலும் தண்ணீர் இடது முன் மூலைக்குத்தான் வந்தாக வேண்டும், சென்சர் அங்கே. இருமல் மருந்தோடு வரும் 15 மில்லி மூடியால் அளந்து ஊற்றினேன். மூன்றாவது மூடியில் அலாரம். 45 மில்லி. இரண்டாவது சென்சர் பலகையின் பின் இடது மூலையில், மூன்றாவது நிரப்பும் கேனுக்கு அடியில்.

இனி, கசிவு தெரிந்தால் கன்ட்ரோலர் என்ன செய்ய வேண்டும் என்பது. ஃபில்டரை அணைக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். பக்கெட் வைத்துச் சோதித்தபோதுதான் புரிந்தது. ஃபில்டரை அணைத்துவிட்டு, வெளியேறும் ஹோஸைக் கழற்றிப் பக்கெட்டில் விட்டேன். தண்ணீர் நிற்கவே இல்லை. கேனிஸ்டர் தொட்டிக்குக் கீழே இருக்கிறது, பம்ப் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உறிஞ்சுகுழாய் வழியே தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், குழாயின் வாய் மட்டம் வரை. என் தொட்டியில் அது அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கேனிஸ்டரின் மூடியே கசிந்தால் உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய் இரண்டு வழியாகவும் இறங்கும். நான் இரண்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்த ரிலே, கசிவை நிறுத்தவே நிறுத்தாது.

நிறுத்தியது ஒரு ஓட்டை. உறிஞ்சுகுழாயில் நீர்மட்டத்துக்கு 4 செ.மீ. கீழே 2 மி.மீ. டிரில் பிட்டால் ஓர் ஓட்டை போட்டேன். மட்டம் ஓட்டைக்கு வந்ததும் காற்று புகுந்து சைஃபன் (குழாய் வழியே தண்ணீர் தானாக இறங்கும் ஓட்டம்) உடைய வேண்டும். உடையவில்லை. ஓட்டை வழியாக முத்து முத்தாகக் காற்று புகுந்தது, ஓடும் தண்ணீர் அந்தக் குமிழ்களையும் சேர்த்து அடித்துக்கொண்டு கீழே போய்விட்டது, ஓட்டம் கொஞ்சம் மெலிந்ததே தவிர நிற்கவில்லை. அதையே 4 மி.மீ. ஆக்கி, எதிர்ப்பக்கம் அதே உயரத்தில் இன்னொன்றும் போட்டேன். இந்த முறை மட்டம் அங்கே வந்ததும் களக் களக்கென்று நாலு தடவை சத்தம், நின்றுவிட்டது. பக்கெட்டுகளில் சேர்ந்ததை அளந்தால் 20 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெளிக்குழாயிலும் இதேபோல ஓட்டை. அதில் ஃபில்டர் ஓடும்போது சின்னதாகத் தண்ணீர் பீய்ச்சும், அதனால் கண்ணாடியைப் பார்த்தபடி திருப்பி வைக்க வேண்டும். ஓட்டைகளில் பாசி அடைக்கிறது, வாரம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் குத்திவிடுகிறேன்.

ஃபில்டரை அணைப்பதில் இன்னொரு கவலையும் உண்டு. ஓட்டம் நின்று பல மணி நேரமானால் உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் சாக ஆரம்பிக்கும். நாங்கள் ஊரில் இல்லாத நாளில் ஒரு பொய் அலாரம் ஃபில்டரை இரண்டு நாள் அணைத்து வைத்தால், கசிவைவிட அது மீன்களுக்கு ஆபத்து. அதனால் இப்படி வைத்திருக்கிறேன்: தொடர்ந்து மூன்று அளவு ஈரம் என்றால் பஸர், டெலிகிராமில் செய்தி, நிரப்பும் பம்ப் உடனே நிறுத்தம். இரண்டாவது சென்சரும் நனைந்தால் மட்டும் ஃபில்டர் அணையும். ஏர் பம்ப் தனி லைனில் எப்போதும் ஓடும். இப்படி ஒருமுறை நின்று பூட்டிக்கொண்டால் நான் போய்ப் பட்டனை அழுத்தும்வரை தானாகத் திரும்பாது. ஃபில்டரை ரிலேயின் என்சி முனையில் (ரிலே இயங்காதபோது இணைந்தே இருப்பது) கொடுத்திருக்கிறேன், கன்ட்ரோலர் செத்தாலும் ஃபில்டர் ஓடும். நிரப்பும் பம்ப் என்ஓ முனையில் (ரிலே இயங்கினால் மட்டும் இணைவது), கன்ட்ரோலர் செத்தால் பம்பும் நிற்கும்.

நிரப்பும் பம்புக்கு நேர வரம்பும் போட்டேன். ஒரு லிட்டருக்கு 50 வினாடி எடுக்கிறது, என் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் ஆவியாகிறது. ஒரே நாளில் மொத்தம் 4 நிமிடத்தைத் தாண்டினால் பூட்டு. ஏப்ரலில் இந்தக் கணக்கு ஒரு வேலை செய்தது. நாலு நாளாக மூன்று லிட்டருக்கு மேல் போகிறது, சென்சர் எல்லாம் காய்ந்திருக்கின்றன. தேடினால், தொட்டியின் பின்புறம் ஹோஸ் வழியாகச் சன்னமாக ஒழுகி, கீழே வருவதற்குள் காய்ந்து, ஹோஸ் முழுக்க வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. சென்சரைத் தொடாத கசிவும் உண்டு, அதை அந்தத் தினக்கணக்குதான் பிடித்தது.

பஸரை முதலில் ஸ்டாண்டுக்குள்ளேயே வைத்திருந்தேன், கதவு மூடினால் படுக்கையறைக்குக் கேட்கவில்லை. வெளியே எடுத்து, பிசி547 டிரான்சிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுத்ததும் நன்றாகவே கத்துகிறது. போன் இரவில் சைலன்ட்டில் இருக்கும், செய்தியை மட்டும் நம்பியிருந்தால் செவ்வாய்க்கிழமை சொட்டலைக் காலையில்தான் பார்த்திருப்பேன்.

செலவு: ஸ்க்ரூ, நட்டு, லக் எல்லாம் 60, வயர் 75, ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் 15, பஸர் 25, தட்டு 180. மொத்தம் 355 ரூபாய். வீணான மழை சென்சர்கள் 140. புது ஓ-ரிங்கும் சிலிக்கான் கிரீஸும் 400. பலகை மாற்றிய தச்சருக்கு 2,400, கீழ்வீட்டுச் சீலிங் பெயின்டுக்கு 3,500.

மறுபடி செய்வதாக இருந்தால் சால்டரிங் அயனை எடுப்பதற்கு முன்பே குழாயில் ஓட்டை போட்டிருப்பேன், அதுவும் 4 செ.மீ. ஆழத்தில் இல்லாமல் 2 செ.மீ.யில். நிரப்பும் பம்ப் மட்டத்தை அரை செ.மீ.க்குள் வைத்திருக்கும்போது 4 தேவையே இல்லை. 2 செ.மீ. என்றால் அதிகபட்சம் 10 லிட்டர்தான் இறங்கும், அதில் பெரும்பகுதி தட்டிலேயே நின்றுவிடும். புதுக் குழாய் வாங்கி வைத்துவிட்டேன். இன்னும் ஒரு குறை: கரண்ட் போனால் கன்ட்ரோலரும் போய்விடுகிறது, சைஃபனுக்குக் கரண்ட் வேண்டாம். ரவுட்டருக்கு இருப்பதுபோல ஒரு சின்ன யூபிஎஸ் இதற்கும் வைக்க வேண்டும், வரும் ஞாயிறு குழாய் மாற்றும்போது அதையும் சேர்த்துச் செய்யப்போகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு மூன்று மூடி தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது வழக்கமாகிவிட்டது. அம்மாவே இப்போது மருந்து மூடியைக் கழுவி ஸ்டாண்டின்மேல் எடுத்து வைத்துவிடுகிறார்.